இறகு மாறிய அம்பு

பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பயத்தில் மயிலாப்பூர் கச்சேரி ரோடு முக்கால்வாசி காலி. சகினா குடியிருந்த சந்தில் மிஞ்சியது அவளும், யாரோ விட்டுப்போன இரண்டு கோழிகளும்தான். அந்தக் கோழிகளுக்காவது ஒன்றுக்கொன்று துணை இருந்தது.

வாணியம்பாடியிலிருந்து அண்ணன் அக்பர் பாஷா வந்து கெஞ்சிப் பார்த்தான்.

"இன்னா புள்ள நீ, ஊரே காலியாய்க்கினு கீது. ஒண்டியா குந்திக்கினு இன்னா பண்ணப் போறே?"

"அவரு ரங்கூன்லேர்ந்து நடந்து வந்துக்கினு இருப்பாரு அண்ணே. வந்து பாக்கசொல்ல நான் இல்லாட்டி எங்க போவாரு?"

அக்பர் பாஷா தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் புருஷன் உமர் ஃபாரூக் ஐப்பசியில் ரங்கூனுக்குக் கப்பல் ஏறுவதாகச் சொல்லிப் போனவன். சேர்ந்ததும் கடுதாசி போடுகிறேன் என்றான், போடவில்லை. மார்கழியில் அங்கே குண்டு விழுந்தது. பர்மாவிலிருந்து கால்நடையாய்த் தப்பியவர்கள் சென்ட்ரலில் வந்து இறங்குகிறார்கள் என்று யாராவது சொல்லிவிட்டால், அன்றைக்கு சகினாவுக்குச் சோறு இறங்காது.

உமரின் தொழில் அம்பு பழுது பார்ப்பது. உடனே புராண காலத்துக்குப் போய்விட வேண்டாம். அடையாற்றங்கரை மாந்தோப்பில், பொழுது போகாத பெரிய மனிதர்கள் சிலர் வைக்கோல் பொம்மை மேல் அம்பு விட்டு விளையாடுவார்கள். குறி தவறினால் மரத்தில் பட்டு முனை முறியும், இறகு பிய்யும். முறிந்த இடத்தைக் கூராகச் சீவி, புது மரத்தில் செருகி, வச்சிரம் காய்ச்சி ஒட்டி, பட்டு நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டும். அதெல்லாம் பீச்சாங்கைக்காரனான உமர். இறகு பிரிப்பது மட்டும் சகினா. வாத்தின் இடது சிறகில் பிடுங்கிய இறகு ஒரு பக்கம் வளையும், வலது சிறகினுடையது மறுபக்கம். ஓர் அம்பில் வைக்கிற மூன்றும் ஒரே சிறகாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் போச்சு, அம்பு குடிகாரன் மாதிரி தள்ளாடும். உமருக்கு அந்த வித்தியாசம் கடைசி வரை பிடிபடவில்லை. "நீ இல்லாட்டி என் பொழப்பு நாறிப்பூடும்" என்பான். அதைப் போய் அன்பு என்று எடுத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

அவன் போனபிறகு முழு வேலையையும் அவளே செய்தாள். வெளியே மூச்சு விடவில்லை. பெண்பிள்ளை கட்டிய அம்பு என்றால் யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்? கோஷா வீடு, வாசலில் திரை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து அம்பு வரும், இந்தப் பக்கமிருந்து பதில் போகும். கேட்பவர்களுக்கு, உமர் சற்று முன்தான் வெளியே போயிருப்பான்.

செவ்வாய்க்கிழமை காலை பஞ்சாட்சரம் வந்தார். ஓய்வு பெற்ற ஃபாரஸ்ட் ரேஞ்சர், தியாகராய நகரில் வீடு. தை மாதம் முதல்தான் இங்கே வருகிறார். உமரை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

"உமர் இருக்காராம்மா?"

"தொழுவப் போயிருக்காரு ஐயா."

"நான் வரும்போதெல்லாம் தொழுகை! சொர்க்கத்துல முதல் வரிசை அவருக்குத்தான்." அவரே சிரித்துக்கொண்டார். "போன மாசம் பெண்ணைக் கொண்டுவிட பெங்களூர் போயிருந்தேன். அங்கே விளையாடறப்போ ஒரு அம்பு உடைஞ்சு போச்சு. கண்டோன்மெண்ட்ல ஒருத்தன் ஒட்டிக் கொடுத்தான். ஒட்டு பிரமாதம், ஆனா நேரா போகமாட்டேங்குது."

திரைக்கடியில் அம்பு வந்தது. சகினா எடுத்துப் பார்த்தாள். நூல் பீச்சாங்கைக்காரன் சுற்றியது. எல்லோரும் சுற்றுகிற பக்கத்துக்கு நேர் எதிராக ஓடியது. மூன்று இறகில் இரண்டு இடது, ஒன்று வலது.

உமரின் கைவேலை. அல்லாவே, உயிரோடு இருக்கிறான்! முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.

"அந்த ஆளு எப்டி இருந்தாரு ஐயா?"

"நெட்டையா, புருவத்துல ஒரு வெட்டு. கார்த்திகைலேர்ந்து அங்கேதான் கடை வச்சிருக்கானாம்."

அந்த வெட்டுக்கு மஞ்சள் அரைத்துப் பூசியவளே அவள்தான். கார்த்திகையிலிருந்து என்றால், அவன் கப்பலே ஏறவில்லை.

"கூட யாருனா கீறாங்களா?"

"ஒண்டியாள்தான். ஒரு வேடிக்கை கேளு. நீங்க கட்டிக் கொடுத்த அம்பு ஒண்ணும் என் கையில இருந்தது. அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். யார் வேலைன்னான். மயிலாப்பூர் உமர் ஃபாரூக்னு சொன்னேன். அம்பைத் திருப்பிக் கொடுத்துட்டான். 'ஏம்பா, உனக்கு அவரைத் தெரியுமா'ன்னேன். 'மதராஸ்ல எனக்கு யாரையும் தெரியாது'ன்னுட்டான்."

சகினா சுவரில் சாய்ந்துகொண்டாள். தன் பேரில் தன் தொழிலைச் செய்துகொண்டிருப்பது யார் என்பது அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. இன்னொருத்தி இருந்திருந்தாலாவது திட்டுவதற்கு ஆள் கிடைத்திருக்கும். யாரும் இல்லாமல் இருப்பதே சகினாவோடு இருப்பதைவிட அவனுக்குத் தேவலையாகிவிட்டது.

"உமர் வந்ததும் காட்டும்மா. அடுத்த வாரம் வரேன்."

"அவரு வரமாட்டாரு ஐயா. நீங்க குடுத்த அம்பெல்லாம் நான்தான் கட்டினேன்."

அவர் வாய் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"சனிக்கெழமக்குள்ள வந்து வாங்கிக்குங்க. ஞாயித்துக்கெழம அண்ணங்கூட ஊருக்குப் போறேன்."

பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமினார். "நீ போனப்புறம் அவர் வந்து தேடினா?"

"தேடமாட்டாரு."

அவர் செருப்புச் சத்தம் சந்து முனை வரை கேட்டது. இறகை மாற்ற வேண்டுமானால் அவன் போட்ட கட்டை அவிழ்த்தாக வேண்டும். நூல் முனையைத் தேடி நகத்தால் நெம்பினாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அத்தனை சுத்தமான கட்டு. சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். அழுகை வந்தது, கேட்க ஆளில்லாத சந்து என்பதால் வாய்விட்டே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஓர் இடது இறகை எடுத்து வைத்து, தன் கைப்பக்கமாக நூலைச் சுற்றத் தொடங்கினாள்.