தெற்கு பார்த்த சுவர்

எங்கள் தெருவில் நாற்பது வீடுகள். மாடியில் ஒரு குடித்தனம், கீழே ஒரு குடித்தனம். நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்களும் ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலை தேடி வந்தவர்களும் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கிற இடம் எல்லைதானே! படப்பை போகிற சாலையில், நகரம் முடிந்து பஞ்சாயத்து தொடங்குகிற இடத்தில், புளிமூட்டை மாதிரி அடைந்து கிடக்கிறோம். ஆனால் அரசாங்கக் கணக்கில் இங்கே ஒரு ஈ காக்கா கிடையாது.

காரணம் வாஸ்து. நாசமாய்ப் போன வாஸ்து.

எங்கள் வீடுகளுக்குத் தெற்கே நகரத்தின் தெரு. வடக்கே பழைய வாய்க்கால். அதுதான் எல்லை, அதைத் தாண்டினால் பஞ்சாயத்து. முதலில் எல்லா வீட்டு வாசலும் தெற்கே தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. ஸ்ரீநிவாசராகவன் என்று ஒரு வாஸ்துக்காரர் வந்து, தெற்கு வாசல் குடியைக் கெடுக்கும் என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். ஒருவர் அடைத்தார், பார்த்துவிட்டு அடுத்தவர் அடைத்தார். ஒரே வருஷத்தில் தெரு நெடுக வெறும் சுவராகி, எல்லா வாசலும் வாய்க்கால் கரைக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அமீருதீன் பாய்கூட அடைத்தார். "எனுக்கு இன்னாம்மா வாஸ்து? வாடகைக்கு வர்றவன் கேக்குறானே, பேஜாரு!" என்றார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோதுதான் வினை தெரிந்தது. பஞ்சாயத்துப் பக்கம் எடுக்க வந்தவர் வாய்க்கால் வரை வந்து, "வூடு எல்லைக்கு அந்தாண்ட கீது, எனுக்கு வராது" என்று திரும்பிவிட்டார். நகரத்துப் பக்கம் வந்தவர் மெஹர் பானு டீச்சர். அவரும் சுவரைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். ஓடிப்போய் மறித்தேன்.

"கோச்சுக்காதீங்கம்மா. வாசல் எந்தத் தெருவுல திறக்குதோ அந்தத் தெருவோட வீடுன்னுதான் எனக்குச் சொல்லியிருக்காங்க. என் தெருவுல உங்களுக்கு வாசலே இல்லையே? மேப்ல உங்க இடம் வெள்ளையா இருக்கு" என்றார்.

"இவ்ளோ பேர் கண்ணு முன்னாடி நிக்கிறோமே டீச்சர்!"

"நாளைக்குச் சாயங்காலத்தோட என் வேலை முடியுது. வாசல் இருந்தா உள்ள வந்து எழுதிக்கிறேன்" என்றார்.

கௌரவத்துக்காக நான் அலையவில்லை. என் மகள் ஹர்ஷாவுக்கு நாலு வயது. பால்வாடி பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். போன மாதம் என் கையை உதறிவிட்டு ஓடினாள். கன்டெய்னர் லாரி ஒரு முழம் தள்ளி பிரேக் போட்டு நின்றது. இப்போதும் அந்த பிரேக் சத்தம் கேட்டால் என் கை அவளைத் தேடுகிறது. இந்தப் பக்கமே ஒரு பால்வாடி வேண்டும் என்று மனு கொடுத்தால், "அங்க ஜனமே இல்லையேம்மா" என்கிறார்கள். ஜனமே இல்லையாம்!

சுவரை இடித்துத் தெற்கு வாசலைத் திறக்கச் சொல்லி அன்றைக்கே வீடு வீடாக ஏறி இறங்கினேன். "நீ மொதல்ல உன் சொவுத்த இடி, அப்பால பாக்கலாம்." எல்லார் வாயிலும் ஒரே பதில். என் வீட்டுச் சுவர் மட்டும் இடியாது என்று அவர்களுக்குத் தெரியும். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, வாசலை மாற்றிய பிறகுதான் எனக்கு ஹர்ஷா பிறந்தாள். என் கணவர் கேசவன் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வடக்கு வாசலுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறவர்.

மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்தேன். கேசவன் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார்.

"வாணாம் கீதா. இத்த தொறந்தா கொழந்தைக்கு எதனா ஆயிடும்."

"லாரி ஏறினா ஒண்ணும் ஆவாதா?"

"எத்தினி கோயிலு ஏறி எறங்கினோம்? இந்த வாசல் வந்தப்புறம்தானே அவ வந்தா?"

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். மலடி என்று ஊர் பேசியதெல்லாம் கேட்ட காது இது. ஆனாலும் பயத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது. ஒருநாளும் அவரை ஒருமையில் பேசாதவள், அன்று பேசினேன்.

"அவ வாசல் வழியா வரலய்யா. என் வயித்துலேருந்து வந்தா. பெத்தவ நான் இங்க நிக்கிறேன், நீ கதவுக்குக் குங்குமம் வெச்சினு கீற!"

மனிதர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். மெல்ல நகர்ந்தார்.

ஓங்கி இடித்தேன். காரை உதிர்ந்ததே தவிர செங்கல் அசையவில்லை. மறுபடியும் மறுபடியும் இடித்ததில் உள்ளங்கை கொப்பளித்தது. கேசவன் வந்து கடப்பாரையைப் பிடுங்கினார். வீசி எறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தள்ளிக்கோ, கண்ணுல பட்டுறப்போவுது" என்று சொல்லிவிட்டு ஓங்கிப் போட்டார். தெருவின் வெளிச்சம் உள்ளே வந்தது. அவர் அழுதுகொண்டேதான் இடித்தார்.

மதியத்துக்குள் பாய் வீட்டிலும் இடி கேட்டது. "குடித்தனக்காரன் போனா போறான், போ!" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. அப்புறம் அந்தக் கோடி வீடு, அதற்கடுத்த வீடு. சாயங்காலம் டீச்சர் வந்தபோது தெருவே செம்மண் புழுதியாக இருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, செங்கல்லைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் கால் வைத்து, கணக்கைப் பதிவு செய்ய போனை எடுத்தார்.

"குடும்பத் தலைவர் பேரு?"

நான் கேசவன் என்று சொல்ல வாயெடுத்தேன். இடுப்பில் ஹர்ஷாவோடு, தலையெல்லாம் காரையாக நின்ற அவர் முந்திக்கொண்டார்.

"கீதா. அவ பேரையே போடுங்க மேடம்."

டீச்சர் சிரித்துக்கொண்டே போனில் பதிந்தார்.

"மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?"

"மூணு பேர் இருக்கோம்" என்றேன், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி.