ஒதுக்கி வைத்தவை

வெளுத்த நீலச் சட்டையை மடியில் குப்புறப் போட்டு, காலரின் நடுவிலிருந்து கீழ்விளிம்புவரை நேராகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள் அவள். கணவரின் கைகள் விறைத்துவிட்டன. இனி அவை எந்தச் சட்டைக்கும் வளைந்து கொடுக்காது. முன்பக்கமாக மாட்டி, இரண்டு பாதிகளையும் முதுகுக்கடியில் செருகிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. துணிக்கடையின் பின்கட்டில், ஆல்டரேஷன் மெஷினுக்கு முன்னால் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். ஊரார் சட்டைகளை எத்தனையோ தடவை பிரித்திருக்கிறாள், பிடித்துக் கொடுத்திருக்கிறாள். நல்ல சட்டை ஒன்றை நடுமுதுகில் வெட்டியது இதுதான் முதல் தடவை. கத்தரிக்கோல் கொஞ்சமும் கோணவில்லை.

"ம்மா, அப்பா போன் எங்க? ஸ்டுடியோக்காரர் வாசல்ல நிக்கறாரு. பெருசு பண்றதுக்கு நல்ல படமா ஒண்ணு வேணுமாம்."

மகன் நேற்று மாலைதான் வேறு ஊரிலிருந்து வந்திருந்தான். அவள் கத்தரிக்கோலை வைக்காமலே தாடையால் அலமாரியைக் காட்டினாள்.

போனைத் திறந்து படங்கள் இருக்கும் இடத்தைத் தொட்டதும் பாட்டு கிளம்பியது. கல்யாண வீடியோவில் போடுவார்களே, அப்படி ஒரு துள்ளல் இசை. கூடத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் 'உங்கள் இனிய தருணங்கள்' என்று எழுத்து மிதந்து வந்தது. அதன் பின்னால் ஒரு தண்ணீர் டம்ளர் மெல்லப் பெரிதாகி மறைந்தது. அடுத்து மாத்திரை அட்டை. அடுத்து ஒரு தலையணை. அதன்பின் மூடிய பாத்ரூம் கதவு, நாலாபக்கமும் பூ உதிர.

"பாத்ரூம் கதவைப் போய் எதுக்குப் படம் புடிச்சு வச்சிருக்காங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி யாரிடமோ கேட்டாள்.

"நிறுத்துடா அதை," என்றாள் அவள்.

"நிறுத்தத்தாம்மா பாக்கறேன். எங்க இருக்குன்னே தெரியல."

அவனுக்கும் தெரியவில்லை என்பதில் அவளுக்குள் ஏதோ ஒன்று திருப்திப்பட்டது. அந்தத் திருப்தி அவளுக்கே பிடிக்கவில்லை. கடைசியில் அவன் போனையே அணைத்துவிட்டான். டிரைவிங் லைசென்ஸில் இருந்த முகத்தைப் பெரிது பண்ணித் தரும்படி சொல்லி ஸ்டுடியோக்காரரை அனுப்பிவைத்தான்.

லைசென்ஸ் அவருக்குப் பொருத்தம்தான். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தே வாழ்ந்தவர் அவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிற வேலை. "கிளச்சு, கிளச்சு, கிளச்ச மிதி" என்று அவர் கத்திய கத்தலில், கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவருக்கே 'கிளச்சு' என்று பேர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் நிற்காது. அவள் அடுப்பைப் பற்றவைத்தால் பக்கத்தில் நின்று யோசனை சொல்வார். அவள் ஊசியில் நூல் கோத்தால் அதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். "கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருங்களேன்" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. போன வருஷம் பக்கவாதம் வந்து அந்த வாயை மூடியது. வலது கையையும் காலையும் கூடவே எடுத்துக்கொண்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டாள். "நாம பேசறது அவருக்கு நல்லாப் புரியுதும்மா. ஆனா பதில் உள்ளேர்ந்து வரும்போது வழி மாறிடுது. வேணாம்னு நினைச்சுக்கிட்டு வேணும்னு தலையாட்டுவாரு. அந்தத் தலையாட்டலை நம்பாதீங்க. படத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அவள் வீட்டையே படம் எடுக்க ஆரம்பித்தாள். டம்ளர் என்றால் தண்ணீர். கதவு என்றால் கதவுக்குள் போகவேண்டும். ஃபேன், ஜன்னல், தலையணை, கம்பளி. அவள் முகம் என்றால் கிட்டே வந்து உட்கார். அவர் எப்போதோ பாடம் நடத்த எடுத்து வைத்திருந்த சிக்னல் படம் ஒன்று இருந்தது, சிவப்பு விளக்கு எரிகிற படம். ஒருநாள் அவள் சாப்பாடு ஊட்டிக்கொண்டே கடை முதலாளியைத் திட்டித் தீர்த்தபோது, அவர் இடது கையால் அந்தச் சிவப்பு விளக்கைத் தொட்டுக் காட்டினார். வாயை மூடச் சொல்வது இப்போது அவர் முறை. கோபத்தோடு கோபமாக அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவர் இரண்டு படங்களைச் சேர்த்துப் பேசக் கற்றுக்கொண்டார். மகன் முகத்தைத் தொட்டு ஜன்னலைத் தொட்டால், எப்போது வருவான் என்று அர்த்தம். "இந்த ஞாயித்துக்கிழமை வந்துடுவான்" என்பாள். உடனே சிவப்பு விளக்கு.

வலிக்கு எதைப் படம் எடுப்பது என்றுதான் அவளுக்குப் புரியாமல் இருந்தது. ஒருநாள் பொத்தான் தைக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது. ரத்தத்தைத் துடைக்காமல், இடது கையால் போனை எடுத்து அப்படியே ஒரு படம் பிடித்து அவரிடம் கொண்டுபோனாள். "இதுதான் வலி. சரியா?" அவர் வெகுநேரம் பார்த்தார். திரையில் இருந்த விரலைத் தடவினார், அப்புறம் அவள் கையைப் பிடித்து நிஜ விரலைத் தடவினார்.

எல்லாப் படங்களையும் ஒரே ஆல்பத்தில் போட்டு, எது எந்த மூலையில் என்று இருவருமாக முடிவு செய்து வைத்தார்கள். சீக்கிரமே அவர் பார்க்காமலே தொட ஆரம்பித்தார். கியர் மாற்றுகிறவன் கியரைக் குனிந்து பார்ப்பானா?

போன மாதம் ஒரு காலையில் போன் தானாக மாறிக்கொண்டது. ஆல்பம் இருந்த இடத்தில் ஆல்பம் இல்லை. ஒரு படம் திரை அகலத்துக்கு வீங்கியிருந்தது. பத்துப் படங்கள் சீட்டுக்கட்டுபோல ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. மூடித் திறந்தால் வேறு வரிசை. நமக்கு எது பிடிக்கும் என்று அதுவே யோசித்து அதையே முன்னால் வைக்குமாம். தண்ணீர் இருந்த மூலையை அவர் தொட்டார், பாட்டோடு படம் ஓடியது. மறுபடி தொட்டார், வேறு பாட்டு ஓடியது. நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்ட மாணவனைப் பார்ப்பதுபோல அவர் அவளைப் பார்த்தார்.

அவள் மகனைக் கூப்பிட்டாள். அவனுக்கு ஒரு இன்டர்நெட் கம்பெனியில் கஸ்டமர் கேர் வேலை. முன்பின் தெரியாதவர்களுக்கு நாள் முழுக்க நயமாக வழி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன்.

"அப்டேட் ஆயிருக்கும்மா. எல்லாருக்கும் அப்படித்தான் மாறியிருக்கு."

"பழையபடி வச்சுக் குடுடா."

"பழசெல்லாம் வராதும்மா. ரெண்டு நாள்ல பழகிடும்."

"யாருக்குப் பழகும், உங்கப்பாவுக்கா?"

"ம்மா, லைன்ல ஆள் காத்துக்கிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்."

"என்னமோ கேட்டுக்கிட்டே இருக்குடா இது. சரியா, வேண்டாமான்னு."

"எது கேட்டாலும் சரின்னு அழுத்திடு. ஒண்ணும் ஆயிடாது."

அவள் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. சரி என்று அழுத்தினாள். இன்னொன்று கேட்டது. அதற்கும் சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. அவள் புதிதாகப் படங்கள் எடுத்துப் பார்த்தாள், அவற்றையும் அது தன் இஷ்டத்துக்கு எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தது. படங்களைக் காகிதத்தில் போட்டு வாங்கிவிடலாம் என்று ஸ்டுடியோவுக்குப் போக நினைத்தாள். அதற்குக் கடையில் லீவு கேட்கவேண்டும், பண்டிகைச் சமயம்போல் துணி குவிந்து கிடக்கிறது என்று முதலாளி முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஆகவே டம்ளரையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள், கம்பளியையே தூக்கிக் காட்டினாள். கதவைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. சிவப்பு விளக்குக்கு வழியே இல்லை. அவரும் கொஞ்சம் கொஞ்சமாக போனைக் கேட்பதை விட்டுவிட்டார்.

நேற்றுக் காலை மட்டும் கேட்டார். அவள் கடைக்குக் கிளம்புகிற நேரம். இடது கையால் கட்டிலைத் தட்டித் தட்டி அலமாரிப் பக்கம் காட்டினார். எடுத்துக் கொடுத்தாள். அவர் தொட்டார். ஜன்னல் வந்தது. தள்ளினார். மகன் முகம் வந்தது, தள்ளினார். பாட்டு வந்தது.

"தண்ணியா?"

தலையாட்டினார். டம்ளரை வாயில் வைத்தால் உதட்டைத் திறக்கவில்லை.

"பாத்ரூமா?"

தலையாட்டினார்.

"எங்கயாச்சும் வலிக்குதா?"

அதற்கும் அதே தலையாட்டல்.

போனை வாங்கி அந்த விரல் படத்தை அவளே தேடினாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். அவர் முகம் வேர்த்திருந்தது. புழுக்கமென்று ஃபேனைக் கூட்டிவைத்தாள். படம் எங்கும் கிடைக்கவில்லை.

"என்னதாங்க வேணும் உங்களுக்கு? நான் கடைக்குப் போகவேணாமா?"

அவர் அவளிடமிருந்து போனை வாங்கிக் கவிழ்த்து, தன் நெஞ்சின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். முறைத்துக்கொள்கிறார் என்று அவள் நினைத்தாள். இருக்கட்டும், கொஞ்சம் தணியட்டும் என்று பின்கட்டுக்குப் போய்த் துணிகளை நனைத்தாள். அலசிவிட்டு வந்தபோது கை நெஞ்சிலிருந்து நழுவிக் கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

தெருமுனை கிளினிக்கிலிருந்து வந்த டாக்டர் காதிலிருந்து குழாயை எடுத்துவிட்டுச் சொன்னார்: "நெஞ்சுதாம்மா. விடியறதுக்கு முன்னாடியே வலி ஆரம்பிச்சிருக்கும். உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

அவள் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள்.

"சொல்லல," என்றாள்.

நீலச் சட்டையோடு அவரை அமரர் ஊர்தி ஏற்றிக்கொண்டு போனதும் வீடு மெல்லக் காலியானது. வாடகை நாற்காலிகளை ஒருவன் வந்து அடுக்கி ஏற்றிக்கொண்டு போனான். டிரைவிங் ஸ்கூலில் படித்த இரண்டு மூன்று பேர் தாமதமாக வந்து, வாசலிலேயே நின்று, "எங்களுக்கெல்லாம் சார்தான் கத்துக்குடுத்தாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை மகன் கட்டிலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து போனை வைத்துக்கொண்டு எதையோ செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் அவள் வைத்த டீ.

"ஆபீஸ்ல கூட வேலை செய்யறவன்கிட்ட கேட்டேன். அப்டேட்டை மட்டும் தூக்கிட்டா பழசே வந்துடுமாம்," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "வந்துடுச்சும்மா. இங்க பாரு," என்று நீட்டினான்.

டம்ளர், கதவு, ஃபேன், ஜன்னல். ஒவ்வொன்றும் அதனதன் மூலையில். நடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் விட்டுப்போய், அதற்கடுத்தவை ஒவ்வோர் இடம் தள்ளி நின்றன. டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

அவன் தலை நிமிரவில்லை. "நான் அப்பவே கேட்டிருக்கணும்," என்று போனைப் பார்த்தே சொன்னான். பிறகு, பேச்சை மாற்றுகிறவனாக, "கொஞ்சம் படத்தை இது தனியா ஒதுக்கி வச்சிருக்கும்மா. மங்கலா விழுந்தது, ஆடிப்போனது, இதெல்லாம். சரின்னு யாரோ அழுத்தியிருக்காங்க. திரும்ப எடுத்துப் போடட்டுமா?"

அவன் ஒவ்வொன்றாகத் தள்ளினான். பாதித் திரைச்சீலை. அவருடைய காது மட்டும். வெறும் தரை. பின்னர், கலங்கலாக, ஒரு விரல்.

"இது என்னதும்மா, ரத்தமா? இதை எதுக்கு எடுத்த?"

பதில் அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே வாக்கியம்தான். அதைச் சொல்லிவிட்டால் அவன் ஆயுசுக்கும் தூங்கமாட்டான். சொல்லவேண்டும் என்று இருந்தது, அவன் முகம் வெளுப்பதைப் பார்க்கவேண்டும் என்றுகூட இருந்தது. ஆனால் எது கேட்டாலும் அழுத்து என்று சொன்னவன் யார் என்பதோடு, அழுத்திய விரல் யாருடையது என்பதும் அந்த ஒரே வாக்கியத்துக்குள் இருந்தது.

"ஒண்ணுமில்ல. தப்பா விழுந்த படம்."

"அழிச்சிடட்டுமா?"

"இருக்கட்டும். நீ டீயக் குடி."

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அவருடைய படுக்கை விரிப்பு வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. தூக்கி அலசினாள். தடித்த துணி, தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனத்தது. தனியாகப் பிழியப் பார்த்தாள், ஒரு பக்கம் முறுக்கினால் மறுபக்கம் நழுவித் தரையில் விழுந்தது. மகன் வாசற்படியில் வந்து நின்றான். குனிந்து மறுமுனையை எடுத்தான்.

இருவரும் முறுக்கினார்கள். துணி பிழியப்படாமல் இருவருக்கும் நடுவே வெறுமனே உருண்டது.

"நீ அந்தப் பக்கமாத் திருப்பு," என்றாள்.

அவன் கையை மாற்றிப் பிடித்தான். தண்ணீர் முதலில் கனமாக இருவர் காலிலும் விழுந்தது, பிறகு நூலாக, பிறகு சொட்டாக. சொட்டும் நின்றது. அவள் இன்னும் முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவன் தன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.