துபாய் ஓவனில் மூன்று பங்கு கோபால்ட்

நோன்பு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பள்ளிவாசலிலிருந்து வந்த கஞ்சியைச் சாதியா பீங்கான் கிண்ணங்களில் ஊற்றி, ஒவ்வொன்றாக மைக்ரோவேவ் ஓவனில் வைத்துச் சுட வைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பர்சானா வழக்கம்போலத் தன் கிண்ணத்தை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“எனக்கு சூடு வேணாம் பாபி. வாய்ல புண்ணு.”

வாய்ப்புண் ஒன்பதாவது நாளாக ஆறாமலிருந்தது.

அந்த ஓவன் வந்த கதை உத்திரமேரூர் பஜார் தெருவில் யாருக்குத்தான் தெரியாது. இரண்டாயிரத்து எட்டாம் வருடத் தொடக்கத்தில் நவாஸ் துபாயிலிருந்து மனைவி சாதியாவுக்கென்று அனுப்பியது. முதல் வாரம் ஏதாவதொரு சாக்கில் தெருவே உள்ளே நுழைந்து, நெருப்பில்லாமல் டீ கொதிப்பதைப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு மலர்க்கொடி மட்டும் நாலு தடவை பார்த்தாள். சாதியா அதற்குப் பூவேலை செய்து ஓர் உறை தைத்துப் போட்டாள். புருஷன் பக்கத்தில் இல்லாதவள் வேறு எதைத்தான் போர்த்திப் பார்த்துக்கொள்வாள் என்று அதற்கும் ஒரு பேச்சு இருந்தது.

பர்சானாவின் படிப்புதான் தெருவுக்குப் பிடிபடவில்லை. காஞ்சிபுரத்தில் எம்.ஃபில். வேதியியல். ஏதோ பவுடர் செய்கிறாளாம். முகத்துக்கா, கொசுவுக்கா என்று யாரும் கேட்டுத் தெளியவில்லை. முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத துத்தநாக ஆக்சைடுத் துகள்கள். அவற்றில் நூற்றுக்கு மூன்று பங்கு கோபால்ட் கலக்க வேண்டும். உலையில் வைத்தால் மணிக்கணக்காகும், மைக்ரோவேவில் ஐந்தே நிமிடம். துறையில் இருந்த ஒரே ஓவன் நோன்புக்கு முந்திய வாரம் புகைந்து நின்றுபோனது. ஆய்வேடு கொடுக்க ஒரு மாதம்கூட இல்லை. வழிகாட்டியான ஞானசுந்தரி மேடம், “வேற காலேஜ்ல கேட்டுப் பாரும்மா. வீட்டு ஓவன் மாதிரி இருந்தாக்கூடப் போதும். ஆனா கெமிக்கல் வச்ச ஓவன்ல அப்புறம் ஜென்மத்துக்கும் சோறு வைக்கக் கூடாது” என்றார். பர்சானா அந்தப் பேச்சில் பாதியை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தாள்.

கரண்டு இருக்கும் மத்தியானங்களில், நோன்புக் களைப்பில் வீடு தூங்கும்போது வேலை நடந்தது. ரோஜா நிறக் கரைசல் கொதித்து, வற்றி, குபீரென்று பழுப்புப் புகையைக் கக்கிவிட்டுப் பச்சைச் சாம்பலாக உப்பும். துப்பட்டாவால் புகையை ஜன்னலுக்கு விசிறிவிட்டு, எலுமிச்சைத் தோலால் ஓவனைத் தேய்த்துக் கழுவுவாள். மூன்றாம் நாள் சாதியா விழித்து வந்துவிட்டாள். ஆனால் அவள் கண்ணில் பட்டது கழுவுவது மட்டும்தான். “நோன்பு வச்சிக்கினு, பட்ச்சிக்கினு, என் ஓவனயும் தேச்சிக்கினு கீது பாவம்” என்று மலர்க்கொடியிடம் சொன்னாள். மலர்க்கொடியிடம் சொன்னால் ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி. இந்தப் பெண் போகிற வீடு கொடுத்து வைத்த வீடு என்று பேச்சு பரவியது. பர்சானா மறுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அடக்கம் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

புகை போய்விடும், கோபால்ட் பறக்காது, தேய்த்துவிட்டால் ஒன்றும் ஒட்டியிருக்காது என்று மூளை தினமும் அவளுக்குப் பாடம் நடத்தியது. வாய்தான் நம்பவில்லை. அதனால்தான் ஆறிய கஞ்சி.

“இன்னா புண்ணு அது, ஒம்போது நாளா? காட்டு பாக்கலாம்.” சாதியா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “ஒண்ணுமே காணோமே.”

அந்த நேரம் பார்த்து மலர்க்கொடி பின்வாசலில் வந்து நின்றாள். பாய் வீட்டுக் கஞ்சிக்கு அவளும் இந்த மாதம் முழுக்க நோன்பிருக்கிற மாதிரிதான்.

“இன்னா, மாப்ள வூட்டுக்குப் பல்லு காட்றியா? குதிரக்கிதான் பல்லப் பாப்பாங்க.”

சாதியா சிரித்தபடி ஓவனிலிருந்த கிண்ணத்தை எடுத்து அவளிடம் நீட்டினாள். காலி இடத்தில் இரண்டு வயது மகன் அசீமின் பாலைக் கண்ணாடித் தம்ளரில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விளக்கெரிந்து தட்டு சுற்றத் தொடங்கியது.

மலர்க்கொடி கிண்ணத்தை ஊதினாள்.

“அக்கா, அத குடிக்காத” என்றாள் பர்சானா.

தெருவிலேயே பெரிய வாய்க்கு முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். பொடி, மத்தியானம், எலுமிச்சை எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல, புகழ்ந்த வாய்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து காது கொதித்தது. மலர்க்கொடி கிண்ணத்தைச் சத்தமில்லாமல் சமையல் மேடையில் வைத்தாள்.

“அசீம் பாலும் இதுலதான காயிது” என்றாள் சாதியா.

“தெரியும் பாபி.”

“அதான் நீ மட்டும் ஆறுனத குட்ச்ச.”

ஓவன் மூன்று முறை கூவி நின்றது. சாதியா அதன் பிளக்கைப் பிடுங்கினாள். கூடத்தில் மாமனார் மக்பூல் பாயின் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி வந்து, பர்சானாவின் முன்னால் மேடைமேல் உட்கார வைத்தாள். அதன் கன்னங்களை விரலால் அழுத்தி வாயைத் திறந்தாள்.

“எனுக்கு இன்னா தெரியும். பட்ச்சவ நீதான. பாத்து சொல்லு.”

பர்சானா குனிந்தாள். புதுப் பற்கள், இளஞ்சிவப்பு நாக்கு, அதன்மேல் மதியம் குடித்த பாலின் வெண்மை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரமா அது. பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். கூடத்தில் மக்பூல் பாய் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “வாங்கம்மா, டைம் ஆச்சி” என்று கூப்பிட்டார். யாரும் நகரவில்லை. அத்தை ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்து, அசீம் வாயை இன்னும் அகலமாகத் திறந்தான்.