ரோமெட் பாய்ச்சல்

எங்கள் மலையில் ஓர் இடத்துக்குப் பேர் வர வேண்டுமென்றால் அங்கே ஒருத்தன் விழ வேண்டும். பாதிரியார் வழுக்கு, செவலைப் பசுப் பள்ளம், தபால்காரன் மூக்கு என்று பாதை நெடுக விழுந்தவர்களின் பேர்தான். பாதை போட்டவன் பேர் எதற்கும் கிடையாது. போட்டவன் நான் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும்.

மேய்ச்சல் குடிசைக்கு ஏறும் பாதையில், காடு முடிகிற திருப்பத்தில் ஒரு கல் சுவர் இருக்கிறது. சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டியது. முன்பெல்லாம் பனி உருகினால் அந்தத் திருப்பமே சரிந்து ஓடைக்குப் போய்விடும். நான் ஓடையிலிருந்து கல்லை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து, இரண்டு கோடை அங்கேயே கிடந்து கட்டினேன். இப்போது மாடு போகிறது, மலையேற வருகிற ஜெர்மன்காரர்கள் போகிறார்கள். சுவர்மேல் உட்கார்ந்தால் எதிரே பனிமலை முழுசாகத் தெரியும். எல்லோரும் உட்காருகிறார்கள். ரொட்டியைப் பிரித்துத் தின்றுகொண்டே “என்ன அழகு!” என்கிறார்கள். பனிமலையைச் சொல்கிறார்கள்.

நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் ‘காஸியன் சுவர்’ என்று யாராவது ஒரு தடவை சொல்லிக் காதில் விழாதா என்றிருந்தது.

ரோமெட்டும் பாதை வேலைக்காரன்தான். எனக்குத் தருகிற அதே கூலிதான் அவனுக்கும். மண்வெட்டி அவனிடம் இருந்தால் அது அவன் சாய்ந்து நிற்பதற்கு. வாய் மட்டும் ஓயாது. போன இலையுதிர் காலத்தில், குடிசையில் ஒரு ஞானஸ்நான விருந்தில் நன்றாகக் குடித்துவிட்டு, முதுகில் ஒரு முழுப் பாலாடைக்கட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கால் வழுக்கியது. அவன், பட்டாலே அரிக்கிற காஞ்சொறிப் புதரில் விழுந்து மாட்டிக்கொண்டான். கயிறு அறுந்து பாலாடைக்கட்டி சக்கரமாக உருண்டு, ஊருக்குள் புகுந்து, பாதிரியார் வேலியை உடைத்துக்கொண்டு நின்றது. காலொடிந்து கிடந்தவனை நான்தான் முதுகில் தூக்கி வந்தேன். வேலியருகே நின்ற பாதிரியாரிடம் என் முதுகிலிருந்தபடியே அவன், “நான் வர்றேன்னு சொல்லத்தான் சாமி அதை முன்னால அனுப்பினேன்” என்றான். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து ரோமெட் பாய்ச்சல். கீழே இருந்து தூக்கிய முதுகு யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிடுவான். என் மனைவி புர்கல் அவனுக்குக் கிண்ணத்தை எடுத்து வைப்பாள்.

“அந்தக் கட்டி கதையைச் சொல்லு ரோமெட்.”

“சொல்லலாம். தொண்டைதான் காஞ்சு கெடக்கு.”

“உன் தொண்டை என்னிக்கு நனைஞ்சு இருந்துச்சு?” என்று ஊற்றினாள்.

அவன் கைகளை விரித்தான். கட்டி வண்டிச் சக்கரம் அளவுக்கு வந்துவிட்டது.

“போன வாரம் இவ்வளவு பெருசு இல்லையே” என்றேன்.

“வளர்ற வயசு காஸியன். திட்டாத.”

புர்கல் ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. எத்தனையோ வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். நான் பேசி அந்தத் தோள் குலுங்கியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அறுவடை விழாக்களில் அவள் இவனோடுதான் ஆடுவாள். எனக்கு ஆட வராது. நான் பெஞ்சில் உட்கார்ந்து அவள் சால்வையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

சிரிப்பு அடங்கியதும் ரோமெட் சொன்னான்: “மலைச் சங்கத்துல எனக்குப் பலகை வைக்கப் போறாங்க. லார்ச் மரத்துல, எழுத்தைச் சுட்டு.”

“எங்க?”

“உன் சுவத்துக்கிட்டதான். அங்கதான் காட்சி நல்லா இருக்காம். படம் எடுக்கத் தோது.”

“நீ அங்க விழலையேடா! கீழ, காஞ்சொறிக்குள்ள கெடந்தே.”

“விழுந்தவன் நானு. கொஞ்சம் மேல தள்ளி விழுந்தேன்னு வெச்சுக்கயேன். பனிமலையப் பாத்துக்கிட்டே விழுந்தா கதைக்கும் நல்லாத்தான இருக்கு?”

“விடு காஸியன், பலகைதான?” என்றாள் புர்கல். “உன் சுவத்தையா தின்னுடப் போகுது?”

தின்றுவிடும். ஒரு தடவை பலகை நின்றுவிட்டால் என் பேரன் காலத்திலும் அது ரோமெட்டின் சுவர்தான். அன்று சூப்பில் கிடந்த ரொட்டி உருண்டை கல்லாக இருந்தது.

பலகையைச் சுமக்கிற வேலையும் எனக்கே வந்தது. சங்கத்திலிருந்து ஹெட்விக் என்று ஒரு பெண் கேமராவோடு வந்தாள். அவளும் ரோமெட்டும் முன்னால் போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவன் நொண்டினான். நான் கம்பம், பலகை, கடப்பாரை எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். எனக்கு எழுத்து வந்தது வயசான பிறகு. இன்னும் கூட்டித்தான் வாசிப்பேன். ரோ-மெட். பாய்ச்-சல். முதுகில் ஏற்றியபின் அதைப் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பாதி வழியில் மூச்சு வாங்க இறக்கி வைத்தேன். மரங்களுக்கு நடுவே இருட்டான ஒரு சரிவு. வெயிலே படாது. சேறு, நாய்க்குடை, இடுப்பளவு காஞ்சொறி. பலகையைப் பார்த்தேன். காஞ்சொறியைப் பார்த்தேன். அவர்கள் பேச்சுச் சத்தம் மேலே தேய்ந்துகொண்டே போனது.

கடப்பாரையை எடுத்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாகக் குழி தோண்டியதில்லை. கம்பத்தை நிறுத்தி, சுற்றிலும் கல்லை இறுக்கி அடித்தேன். எருது வந்து முட்டினாலும் அசையாது.

அவர்கள் தேடிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

“இங்க ஏன் நட்டீங்க? அந்தச் சுவத்துப் பக்கம்னுதான சொன்னோம்?” என்றாள் ஹெட்விக்.

“இவன் இங்கதாங்க விழுந்தான்.”

“மேலன்னு சொன்னாரே?”

“தூக்கினவன் நான். காஞ்சொறி என் கையெல்லாம் ஒரு வாரம் அரிச்சுது. மேல, சுவத்துக்கிட்ட, ஒரு காஞ்சொறி காட்டச் சொல்லுங்க.”

அவள் ரோமெட்டைப் பார்த்தாள். ரோமெட் என்னைப் பார்த்தான். பதில் ஒன்று அவன் வாய்வரை வந்தது தெரிந்தது. நான் கடப்பாரையைக் கீழே போடாமல் நின்றேன்.

“இங்கதான்” என்றான் மெதுவாக. “இவன் சொல்றது சரிதான்.”

“அப்ப பலகை பக்கத்துல போய் நில்லுங்க. ஒரு படம் எடுத்துடலாம்.”

அரைக்கால் தோல் சராயோடு வந்திருந்தான் பாவம். காஞ்சொறிக்குள் இறங்கினான். படத்தில் அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். சங்கத்துச் சுவரில் இன்னும் மாட்டியிருக்கிறது; போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

வீட்டில் சொன்னேன். புர்கல் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

“உனக்கு என்ன கெடச்சுது? உன் சுவத்துக்கு இப்பவும் பேரு இல்லையே.”

“அவன் பேரும் இல்லைல்ல.”

“அடேயப்பா, பெரிய லாபம்!”

லாபம்தான். அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். மலையேற வந்த ஒரு ஜோடி, நல்ல காட்சி எங்கே தெரியும் என்று ரொட்டிக்கடைக்காரனைக் கேட்டது. அவன் கையை நீட்டி வழி சொன்னான்:

“நேரா ஏறுங்க. காட்டுக்குள்ள ஒரு பலகை வரும், ரோமெட் பாய்ச்சல். அங்க நிக்காதீங்க, காஞ்சொறி. இன்னும் மேல போனா ஒரு கல் சுவரு. உக்கார அருமையா இருக்கும். அதுதான் ரோமெட் விழாத இடம்.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஆமாம், ரோமெட் விழாத இடம், அங்கேதான் காட்சி என்றாள் ஒருத்தி. அதற்குள் அது ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டிருந்தது. ரோமெட் தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு கும்பிடு போட்டான்.

“ஒண்ணு போதும்னுதான்டா நான் இருந்தேன். நீதான் ரெண்டா ஆக்கிக் குடுத்தே. நல்லா இருப்பா!”

புர்கல் சிரித்தாள். ஏப்ரன் இல்லாததால் பூசைப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வீடு வரும்வரை குலுங்கிக்கொண்டே வந்தது. நான் செய்த ஒரு காரியத்துக்கு அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அதிலும் பாதி அவனுக்குத்தான் போயிற்று.

அந்தப் பேரை மாற்ற இனி ஒரே வழிதான். நானே அங்கே விழ வேண்டும். போய் நின்று எட்டியும் பார்த்துவிட்டேன். இடுப்புயரத்துக்கு, ஆள் படுக்கிற அகலத்துக்கு, ஒரு கல் அசையாமல், அவ்வளவு கெட்டியாகக் கட்டித் தொலைத்திருக்கிறேன். அங்கிருந்து எவனாலும் விழ முடியாது.