சுறாவை விரட்டிய நெத்திலி

ஒரு பை நெத்திலியை ஏவிவிட்டு, யானைக்குத் தம்பி போலிருந்த சுறாவை வீட்டை விட்டே விரட்டியவன் நான். இது நடக்கிற கதையா என்று முதலில் கேட்டவன் என் மச்சான்.

அந்தச் சுறாவைக் கொண்டுவந்ததே அவன்தான். என் மகளுக்கு ஏழாவது மாதம். மீன் நல்லது என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், எங்கள் ஃப்ரீசரில் சுறா துண்டு துண்டாகக் குடியேறிவிட்டது. ஒரு ஐஸ்கட்டி வைக்கக்கூட அதனிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

"பெரிய மீன்ல பாதரசம் இருக்குமாமே மாமா?" என்றாள் மகள்.

மச்சானுக்கு ஆஸ்பத்திரிகளில் பாதரசம் ஏறி இறங்குகிற ரத்த அழுத்தக் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலை. பாதரசம் அவனுக்குப் பங்காளி மாதிரி. டார்ச் அடித்து ஒவ்வொரு துண்டாகப் புரட்டினான்.

"இருந்தா மணிமணியா உருண்டு ஓடும்மா. எத்தன தடவ தரையிலேருந்து அள்ளியிருக்கேன். ஒரு பொட்டு இல்ல, தைரியமா சாப்பிடு."

சாப்பிட்டாள். வாரக்கணக்கில் சாப்பிட்டாள்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சுறாவா? அதுல இருக்கற பாதரசம் கண்ணுக்குத் தெரியாதுங்க. சின்ன மீனப் பெருசு தின்னத் தின்ன, சதையோட சேந்துடும். கழுவினாலும் வேகவச்சாலும் போகாது. குழந்தைக்கு மூளை வளர்ற நேரம். ரத்தம் எடுத்துப் பாத்துடுவோம். மீன நிறுத்தாதீங்க, சின்ன மீனா சாப்பிடுங்க."

ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரும் முழு மூச்சு விடவில்லை. பிள்ளை உதைத்தால், "ஏம்ப்பா இப்படி உதைக்குது?" என்பாள். உதைக்காவிட்டால் அதற்கும் கண் கலங்குவாள். நான் நகம் கடிக்க ஆரம்பித்து முழங்கை வரை வந்துவிட்டேன்.

சும்மா இருக்க முடியாமல் ஓடிப்போய் நெத்திலி வாங்கிவந்தேன். அப்போதுதான் மச்சான் வந்தான். அவன் முகத்திலும் ரத்தமில்லை. வாய் மட்டும் குறையவில்லை.

"இந்தப் பொடிய வச்சா அந்தச் சுறாவ விரட்டப் போறீங்க? நடக்கற கதையா மச்சான்?"

"ஃப்ரீசர்ல ஒருத்தருக்குத்தான் இடம். பாரு."

சுறாவை வாரி வெளியே போட்டேன். நெத்திலி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

போன் அடித்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஆனா பயப்படற அளவு இல்ல. இதோட சுறாவ நிறுத்துங்க, தானா இறங்கும். மறுபடி டெஸ்ட் எடுப்போம்."

மகள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். மச்சான் சட்டைப்பையில் செருகியிருந்த டார்ச்சை எடுத்துக் கருவிப் பைக்குள் போட்டான். சுறா மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக் குப்பைத்தொட்டிக்கு நடந்தான்.

மறு டெஸ்டில் அளவு பாதியாக இறங்கியிருந்தது. அன்று என் வீரக்கதையை எதிர்வீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே மச்சானைப் பார்த்தார்.

"நம்பற மாதிரியா இருக்கு?"

மச்சான் தலையைச் சொறிந்தான்.

"இல்லதான். ஆனா நடந்துச்சுங்க. சுறாவத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோய் விட்டதே நான்தான்."