அடியிலிருந்து உரிந்த பவளம்

காலையில் மில்லுக்குக் கிளம்புமுன் வைகுண்டராஜ் வீட்டுக் கண்ணாடித் தொட்டியின் விளக்கைப் போட்டுப் பார்த்தான். நேற்றுவரை அடிப்பக்கம் மட்டும் வெளுத்திருந்த பச்சைப் பவளம், இன்று பாதிக்குமேல் வெறும் எலும்பாக நின்றது. மிச்சமிருந்த சதையும், ஊறவைத்த உளுந்தின் தோல் மாதிரி, பம்பு தள்ளுகிற தண்ணீரில் கழன்று போய்க்கொண்டிருந்தது. அவன் பார்க்கும்போதே ஒரு துணுக்கு பிரிந்து கண்ணாடியோரம் மிதந்து வந்தது. பிடிக்கக் கையை உள்ளே விட்டவன், பிடித்து என்ன ஒட்டவா போகிறோம் என்று கையை வெளியே எடுத்துக்கொண்டான்.

ஆறு வருஷத்துப் பவளம். கடல் எந்தத் திசை என்று யோசித்துச் சொல்ல வேண்டிய ராஜபாளையத்தில், முந்நூறு லிட்டர் உப்புத்தண்ணீர் கலக்கி, சுண்டுவிரல் நீளத் துண்டைப் புதராக வளர்த்திருந்தான். அது கல்லுமல்ல, செடியுமல்ல, தானே கட்டிய கல்லின்மேல் தோலாகப் படர்ந்து வாழும் உயிர் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கி அவனுக்கு வாய் வலித்ததுண்டு. தனக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரைத் தேடுகிற மனுஷன், தொட்டிக்கு மட்டும் இரண்டு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறான் என்பாள் மனைவி பாண்டிசெல்வி. அவளும் இன்று கேலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

எல்லாம் ஒரு மாதத்துக்குள் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஷமீர் வந்திருந்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பவளம் வளர்க்கிற இன்னொரு கிறுக்கன் அவன் ஒருவன்தான். முறை வைத்து மாமா, மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்கிற சிநேகம். தன் தொட்டியில் வளர்ந்த சிவப்புப் பவளத்தில் ஒரு துண்டை ஒடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பச்சைப் புதரையே செத்த நேரம் பார்த்தான். எம்புட்டு வளந்துருச்சு, எங்க வீட்ல இப்படி வரலையே என்றான். சொன்னது அவ்வளவுதான்.

அந்த வார்த்தை வைகுண்டராஜுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது அல்லவா? மறுநாளே நாட்டுமருந்துக் கடையில் எலுமிச்சையளவு படிகாரம் வாங்கிக் கறுப்புத்துணியில் முடிந்தான். ஊரே கடைவாசலில் கட்டித் தொங்கவிடுவதுதான். ஆனாலும், மீட்டரும் சோதனைக் குழாயுமாகத் திரிகிற மில் எலக்ட்ரீசியன் கட்டினால் நாலு பேர் சிரிப்பார்களே! அதனால் தொட்டிக்குக் கீழே, வடிகட்டிப் பெட்டி இருக்கிற அலமாரிக்குள், யார் கண்ணிலும் படாமல் கட்டினான்.

பத்தே நாளில் அந்த எலுமிச்சை புளியங்கொட்டையாகிவிட்டது. படிகாரம் கரைந்தால் திருஷ்டி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஓடிப்போய் முதலில் கட்டியதைவிட இரண்டு பங்கு பெரிய கட்டி வாங்கிக் கட்டினான். அந்த வாரமே பச்சைப் பவளத்தின் அடி வெளுக்கத் தொடங்கியது.

சோதிக்காமல் இல்லை. சூடு சரி, உப்பு சரி. சதையைக் கடிக்கும் புழுக்கள் இருக்கின்றனவா என்று ஒரு கிளையை மருந்துத் தண்ணீரில் முக்கி உதறினான். ஒன்றும் விழவில்லை. பவளம் எலும்பு கட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் காரச்சத்து மட்டும் தண்ணீரில் தினமும் குறைந்தது, அவனும் தினமும் காரப்பொடியைக் கலந்துகொண்டே இருந்தான். கடைசியில் பழியை வைக்க ஒரே இடம்தான் மிஞ்சியது. ஷமீருக்குப் போன் போட்டு, நீ கொடுத்த துண்டு நோயைக் கொண்டுவந்துவிட்டது, இனி வீட்டுப்பக்கம் வராதே என்று சொல்லிவிட்டான். அதன்பிறகு இருவரும் பேசவில்லை.

இன்று அவன் மில்லுக்குப் போகாமல் தொட்டியடியிலேயே கிடக்க, அவனுக்குத் தெரியாமல் பாண்டிசெல்விதான் ஷமீரைப் போனில் கூப்பிட்டாள். ஒரு மணி நேரத்தில் பைக்கில் இரண்டு கேன் உப்புத்தண்ணீரோடு வந்து நின்றான். வைகுண்டராஜ் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஷமீர் கண்ணாடியில் நெற்றி ஒட்டத் தொட்டியைப் பார்த்தான்.

"நோய்னா ஒரு சாதியத்தான் புடிக்கும் மாப்ள. இங்க வேற சாதி தோல்பவளமும் சுருங்கிக் கெடக்கு, நத்தையும் மூடிக் கெடக்கு. தண்ணில ஏதோ விழுந்துருக்கு."

காரத்தைத் தினமும் ஏற்றுகிறேன், பவளம் அதைத் தின்றுகொண்டே இருக்கிறது என்றான் வைகுண்டராஜ், வேறு பக்கம் பார்த்தபடி.

"செத்துக்கிட்டு இருக்குறது எப்படி மாப்ள திங்கும்?"

வைகுண்டராஜுக்குச் சுரீரென்றது. இருபது நாளாக அவனுக்குத் தோன்றாத கேள்வி. ஷமீர் அலமாரியைத் திறந்து செல்போன் விளக்கை அடித்தான். வடிகட்டிப் பெட்டிக்கு நேர்மேலே கறுப்பு முடிச்சு தொங்கியது. தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் தெறித்துத் தெறித்து, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஷமீர் துணியைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தான். முகத்தைச் சுளித்துத் துப்பினான்.

"படிகாரம்" என்றான்.

தொட்டிக்குள் என்னென்ன போட்டோம் என்று வைகுண்டராஜ் நோட்டில் நாள்வாரியாக எழுதிவைத்திருந்தான். படிகாரம் அதில் இல்லை. அது காவலுக்குக் கட்டியது, தண்ணீரில் போட்டதாக அவன் ஒருநாளும் நினைக்கவில்லை. கரைந்தது திருஷ்டியால் அல்ல, தெறித்த தண்ணீரால். கரையக் கரைய அதன் புளிப்பு பவளத்தைத் தின்றிருக்கிறது, காரத்தையும் தின்றிருக்கிறது. பற்றாதென்று பெரிய கட்டியாக வாங்கி வந்து தன் கையாலேயே கட்டியிருக்கிறான்.

ஷமீர் முடிச்சை அறுத்து வெளியே எறிந்தான். பச்சைப் புதரின் உச்சியில் உயிரோடிருந்த ஒரே நுனியை வெட்டி, கொண்டுவந்த கேன் தண்ணீரில் போட்டு மூடினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"யார் கண்ணுக்கு மாப்ள கட்டுன?"

பொய் சொல்லியிருக்கலாம். தெருவில் போகிறவர் வருகிறவர் என்று சொன்னால் முடிந்தது. வைகுண்டராஜுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"ஒன் கண்ணுக்குத்தான் மாமா."

பாண்டிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷமீர் வாசலுக்கு நடந்தான். கேனைப் பைக்கில் வைத்துக் கட்டினான், அவிழ்த்து மறுபடியும் கட்டினான். வண்டியைக் கிளப்பிய பிறகுதான் திரும்பினான்.

"இது பொழச்சா எங்க வீட்ல இருக்கட்டும். நீ வந்து எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாரு மாப்ள. நான் படிகாரம் கட்ட மாட்டேன்."