ஜாமீன் போட்டவன்

ஐஸ் ஃபேக்டரியின் இரும்புக் கதவை அவர்கள் தட்டவில்லை. லாரியைப் பின்னால் விட்டு இடித்தே திறந்தார்கள். காலை பத்து மணி. அக்காள் கொக்கி போட்டு ஒரு ஐஸ் பாரைத் தரையில் இழுத்துக்கொண்டிருந்தாள். தம்பி தன் வேனில் மரத்தூள் பரப்பிக்கொண்டிருந்தான்.

ஆறு பேர். முன்னால் வந்தவன் ஃபைனான்ஸ் கம்பெனியின் வசூல்காரன். குரல் உயர்த்தாமல் பேசுவதால் அவனுக்கு வாத்தியார் என்று பெயர்.

"கம்ப்ரசரைக் கழட்டுங்கடா."

அக்காள் ஓடிப்போய் கோர்ட் உத்தரவை எடுத்துவந்து நீட்டினாள். நொடித்துப்போன தொழில்களுக்காக அந்த வருஷம்தான் புதுச்சட்டம் வந்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஃபேக்டரியிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட யாரும் எடுக்கக்கூடாது. அதற்காக அவள் கோர்ட் வாசலில் கால் கடுக்க நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை.

வாத்தியார் கடைசி வரிவரை படித்தான்.

"சரியாத்தான் இருக்கு. ஃபேக்டரி மேல கை வைக்கக் கூடாது." தாளை மடித்துக் கொடுத்தான். "கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்" என்று தம்பி வேனிலிருந்து இறங்கினான்.

"உனக்குத் தடை ஒண்ணும் இல்லையேப்பா."

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. ஈரத் தரையில் வழுக்கியவனை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவன் வயிற்றில் மிதித்தான். "வேன் சாவி எங்கடா?" வாத்தியாரே அவன் தலைமுடியைப் பற்றி ஐஸ் பாரில் மோதினான். ஒரு தடவை. இரண்டு தடவை. வெள்ளைப் பார் சிவந்தது.

"விடுறா அவனை!"

வாத்தியார் மூன்றாவது தடவைக்குக் கை ஓங்கினான். அக்காளின் கையில் கொக்கி இருந்தது. வீசினாள். உள்ளங்கையில் குத்தி மறுபக்கம் வந்தது. வாத்தியார் முதன்முறையாகக் குரல் உயர்த்தி அலறினான். அவள் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை, ஐஸ் பாரை இழுப்பதுபோல அவனைக் கதவுவரை இழுத்துப்போனாள்.

போலீஸ் வந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. வாத்தியாருக்கு மூன்று வருஷம். அவளுக்கு ஒரு வருஷம். ஆறு மாதத் தடை அவள் உள்ளே இருக்கும்போதே முடிந்து, ஃபேக்டரி ஏலத்தில் போனது.

அவளுடைய வக்கீல் பார்க்க வந்தபோது சாவகாசமாகச் சொன்னார். "ஜாமீன்தாரரும் தனியா மனு போட்டிருக்கலாம்மா. சட்டத்துல இடம் இருக்கு."

"அன்னைக்கே ஏன் சார் சொல்லல?"

"நீங்க ஃபேக்டரிக்கு மட்டும்தானே கேட்டீங்க."

அவள் கம்பிகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவருடைய கழுத்து எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அடுத்த மாதம் தம்பி வந்தான். இடது கண் போயிருந்தது. மனு போட்டுவிட்டானாம், வேனை யாரும் தொட முடியாதாம்.

"அந்த வாத்தியார் விரல் இன்னும் மடங்கலையாம்க்கா."

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. உடனே தன்னைக் கண்டே கூசிப்போய், "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள்.